ஆறு வாரப் பயிற்சியில் தொடை பருத்துவிட்டது, நிறுத்திவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது ஒரே வீட்டின் இரண்டு கவலைகள். ஆறு வாரமாக, வாரம் மூன்று நாள் ஸ்குவாட்டும் (நாற்காலியில் அமர்வதுபோல இறங்கி எழுவது) லன்ஜும் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழுவது) செய்கிறீர்கள். மற்ற நாள்களில் சைக்கிள் மிதிக்கிறீர்கள். தொடைச் சுற்றளவு 55 சென்டிமீட்டரிலிருந்து 56.5 ஆகிவிட்டது. பேன்ட் தொடையில் பிடிக்கிறது. மெலிவதற்காகத் தொடங்கிய பயிற்சி பருமனில் கொண்டுபோய் விடுகிறதே, இப்படியே போனால் கால் ஆண்பிள்ளைக் கால்போல ஆகிவிடுமோ என்ற பயத்தில், நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு நேர்மாறான துயரம். ஒரு வருடம் பயிற்சி செய்தும் கெண்டைக்கால் குச்சியாகவே இருக்கிறதென்று அவர் அரைக்கால் சட்டை அணிவதையே விட்டுவிட்டார்.

நிறுத்த வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். பயிற்சியைக் கைவிட்டவர்களில் மிகப் பலர் இதே ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் கைவிட்டிருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்பார்களே, அதுதான் இது. உங்கள் தொடைக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உங்களை இவ்வளவு பயமுறுத்தாது.

முதலில் ஒரு கணக்கு. தொடையைக் குறுக்கே வெட்டிய ஒரு வட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். 55 செ.மீ. சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 240 சதுர செ.மீ. அதில் பாதிக்குச் சற்று அதிகமாக, 130 சதுர செ.மீ. தசை என்று வைத்துக்கொள்வோம். மீதி எலும்பு, கொழுப்பு, தோல், இரத்தக் குழாய்கள். இப்போது தசை மட்டும் 10 சதவீதம் பெருத்தால் சுற்றளவு 56.5 செ.மீ. ஆகும். உங்கள் டேப் காட்டுவதும் அதே அளவுதான். ஆகவே அந்த ஒன்றரை சென்டிமீட்டர் முழுவதும் தசைதான் என்றால், ஆறே வாரத்தில் உங்கள் தொடையின் எல்லாத் தசைகளும் சேர்ந்து 10 சதவீதம் பெருத்திருக்க வேண்டும். ஏற்கெனவே நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் உடம்பில் அது அநேகமாக நடக்காது. இளம் ஆண்களை 10 வாரம் முழு ஆழத்துக்கு ஸ்குவாட் செய்யவைத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஒரு ஜப்பானிய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை சுமார் 5 சதவீதமும், உட்பக்கத் தசை சுமார் 6 சதவீதமும் வளர்ந்திருந்தன. பின்பக்கத் தசை கிட்டத்தட்ட வளரவே இல்லை. ஆண்கள், கனமான எடை, பத்து வாரம் என்று எல்லாம் கூடியும் அவ்வளவுதான். தொடை முழுவதும் 5 சதவீதம் வளர்ந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் டேப்பில் முக்கால் சென்டிமீட்டருக்கு மேல் வராது.

அப்படியானால் மீதி என்ன? பெரும்பகுதி தண்ணீர்.

பழக்கமில்லாத உடம்பு எடை தூக்கத் தொடங்கும்போது தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்ய உடல் அந்த இடத்துக்கு நீரையும் நோயெதிர்ப்புச் செல்களையும் அனுப்புகிறது. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது தொடை வலிக்கிறதே, அந்த நாள்களில் உள்ளே மெல்லிய வீக்கமும் இருக்கிறது. இன்னொரு பக்கம், தொடர்ந்து வேலை வாங்கப்படும் தசை தனக்கான எரிபொருளான கிளைக்கோஜனை முன்பைவிடக் கூடுதலாகச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எடைக்கருவியில் ஒரு கிலோ கூடிவிட்டது என்று பதறுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அது கொழுப்பு அல்ல. வேலை செய்யும் தசை தனக்குச் சேர்த்துவைத்திருக்கும் தண்ணீர்.

பயிற்சியே செய்யாத பத்து இளைஞர்களைப் பத்து வாரம் கண்காணித்து, பிரேசிலில் நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொடக்கத்தில் நடப்பது பெரும்பாலும் பழுதுபார்ப்புதான் என்பதைக் காட்டியது. முதல் பயிற்சிக்குப் பின் அவர்களின் தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் சிதைவும் அப்போதுதான் மிக அதிகம். உருவான புரதம் பழுதுபார்க்கும் வேலைக்கே போனது. மூன்றாவது வாரத்தில் உடம்பு பழகிச் சிதைவு குறைந்த பிறகுதான் உருவாகும் புரதத்துக்கும் தசை வளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. தொடக்கத்தில் தெரியும் பருமனை வளர்ச்சி என்று எண்ணி மகிழ்வதும் தவறு, எண்ணி அஞ்சுவதும் தவறு. உங்களுக்கு முன்பைவிட எளிதாகக் கனத்தைத் தூக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலிமையில் கணிசமான பங்கு நரம்புகளுடையது. ஏற்கெனவே இருக்கும் தசையிழைகளை ஒரே நேரத்தில் கூட்டி வேலை வாங்க மூளை கற்றுக்கொண்டிருக்கிறது. பருமன் அதற்குப் பிறகு, மெதுவாக வருவது.

இன்னொன்று: டேப்பை எந்த நாளில் பிடித்தீர்கள்? பயிற்சி செய்த மாலையோ மறுநாளோ அளந்தால் கூடுதலாகவே காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உடலில் நீர் தங்குவதாலும் கூடும். டேப் இரண்டு விரல் மேலே ஏறினாலே ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும், ஏனென்றால் தொடை கூம்பு வடிவம். இடுப்பு மடிப்புக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து நின்று, காலையில், பயிற்சி செய்து குறைந்தது இரண்டு நாள் கழித்து, தசையை இறுக்காமல் அளவெடுங்கள். மாதம் ஒருமுறை போதும். வாரந்தோறும் அளக்கிறவர்கள் தங்கள் காலை அளப்பதில்லை, தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கிறார்கள்.

இனி கொழுப்பு. தொடையின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு, சுற்றிலும் வெறும் 2 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1.25 செ.மீ. குறையும். இதுவும் பள்ளிக்கூட வட்டக் கணக்குதான். உள்ளே தசை சற்றுப் பெருத்து, மேலே கொழுப்பு சற்றுக் குறைந்தால் டேப்பில் ஒன்றுமே மாறாதது போலத் தெரியும். ஆனால் கால் மாறியிருக்கும்; தொட்டால் இறுக்கமாக இருக்கும், வடிவம் தெளிந்திருக்கும். பிரச்சினை என்னவென்றால், இவை இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பெண்ணின் உடல் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலை. அந்த இடத்துக் கொழுப்புச் செல்களில், கொழுப்பை வெளியே விடாமல் தடுக்கும் ஏற்பிகள் கூடுதலாக இருக்கின்றன. அதனால் பல பெண்களுக்கு முகமும் மார்பும் இடையும் முதலில் மெலியும். தொடை கடைசியில்தான் இறங்கிவரும். இடைப்பட்ட அந்தக் காலத்தில் கீழே தசை சற்று வளர்ந்திருக்க, மேலே கொழுப்பு அப்படியே இருப்பதால் தொடை உண்மையாகவே கொஞ்சம் பருத்துத் தெரியலாம். அப்படி ஒரு கட்டம் இல்லவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அது வரும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட நீடிக்கும்.

தொடைக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொடைக் கொழுப்பு மட்டும் கரையும் என்று நம்பித்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். உடல் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களை 12 வாரம், வாரம் மூன்று நாள், ஒற்றைக் காலால் மட்டும் எடையைத் தள்ளவைத்தார்கள். எடை குறைவு, எண்ணிக்கை அதிகம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை என்ற அளவில். இறுதியில் உடலில் கொழுப்பு குறைந்திருந்தது. ஆனால் அது கைகளிலும் நடுவுடலிலும் குறைந்திருந்தது. பாடுபட்ட காலில் குறிப்பிடும்படி ஒன்றும் குறையவில்லை. 1971இலேயே டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தவர்கள், மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தாலும் தோலடிக் கொழுப்பின் தடிப்பு இரண்டு கைகளிலும் ஒன்றுதான் என்று கண்டார்கள். எங்கே எடுப்பது என்பதை உடல்தான் முடிவு செய்கிறது. நம் கையில் இருப்பது மொத்தக் கொழுப்பு குறையுமாறு நீண்ட நாள் பொறுமையோடு நடந்துகொள்வது மட்டும்.

'ஆண்பிள்ளைக் கால்' என்ற பயத்துக்கு வருகிறேன். வயது வந்த ஆணின் இரத்தத்தில், தசை வளர உதவும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 300 முதல் 1,000 நானோகிராம் வரை இருக்கும். பெண்ணுக்கு 15 முதல் 70 வரை. இருந்தும், பயிற்சி செய்தால் இருபாலருக்கும் தசை வளரும் சதவீதம் ஏறக்குறைய ஒன்றே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வேறுபாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சிறிய தசையின் 5 சதவீதம் சிறிய அளவுதான். போட்டி மேடையில் நிற்கும் பெண்களின் கால்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் பல ஆண்டு உழைப்பையும், திட்டமிட்ட உணவையும், சில நேரங்களில் மருந்துகளையும் பார்ப்பதில்லை. வாரம் மூன்று நாள் ஸ்குவாட் செய்து தற்செயலாக யாரும் அங்கே போய்ச் சேருவதில்லை.

சைக்கிள் விஷயமும் இப்படித்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காக அணி விரைவு சைக்கிள் பந்தயத்தில் வெண்கலம் வென்ற ராபர்ட் ஃபோர்ஸ்டமானின் தொடைகள் உலகப் புகழ் பெற்றவை. அவரது படத்தைப் பார்த்தவர்கள் சைக்கிள் என்றாலே தொடை அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் மலைச்சாலைகளில் மூன்று வாரம் ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னணியில் ஏறுகிறவர்களின் கால்கள் மெலிந்தவை. அவர்கள் மிதிப்பதும் சைக்கிள்தான், மணிக்கணக்கில். சில நொடிகளுக்கு முழு ஆற்றலையும் வெடிக்கவைப்பதும், அதோடு பார்பெல் எடுத்துக் கனமாக ஸ்குவாட் செய்வதும்தான் தொடையைப் பெருக்குகின்றன. கூடவே, எந்த உடல்வாகு எந்தப் பந்தயத்துக்குப் பொருந்துகிறதோ அதற்கே அவரவர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நீண்ட நேரம் இலகுவாக மிதிப்பது வேறு வகை வேலை. இதுவரை உட்கார்ந்தே இருந்தவருக்கு அதுவும் தொடக்கத்தில் கொஞ்சம் தசையைக் கொடுக்கும், பிறகு நின்றுவிடும்.

குறைந்த எடையில் அதிக எண்ணிக்கை செய்தால் கால் பருக்காமல் 'வடிவம்' மட்டும் வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதுவும் உண்மையல்ல. தூக்க முடிந்த உச்ச எடையில் 30 சதவீதத்தை வைத்துச் செய்தாலும், இனி ஒன்றும் முடியாது என்ற எல்லைவரை போனால், 80 சதவீதத்தில் செய்ததற்கு நிகராகத் தசை வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசைக்கு எடையின் எண் தெரியாது. தன்மீது விழும் இழுவிசையும் களைப்பும்தான் தெரியும். தொடை இதற்கு மேல் பெருக்க வேண்டாம் என்பது உங்கள் தெளிவான விருப்பமாக இருந்தால் அதற்கு வழி எளிது. எல்லைவரை போகாமல் மூன்று நான்கு தடவை மிச்சம் வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் வாரம் மொத்தம் நான்கைந்து செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) போதும். வலிமை தங்கும், வளர்ச்சி மிக மெதுவாகும். உங்கள் கால் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பும் உரிமை உங்களுக்கு உண்டு. பயத்தில் ஓடுவதும் தெரிந்து தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்தத் தேர்வுக்கு முன் தொடைத் தசை எதற்காக இருக்கிறது என்பதையும் எடுத்துவைக்கிறேன். ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை அசையாமல் கட்டிவைத்த ஆய்வில், 5 நாளில் தொடை முன்தசை 3.5 சதவீதமும், 14 நாளில் 8.4 சதவீதமும் சுருங்கியது. வலிமை அதைவிட வேகமாகப் போனது: இரண்டு வாரத்தில் 23 சதவீதம். மாதக்கணக்கில் சேர்த்தது நாள்கணக்கில் போய்விடுகிறது. முப்பதுகளுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாதிருந்தால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை தானாகவே குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. 1990இல் வெளியான ஓர் ஆய்வு என் தொழில் வாழ்க்கை முழுவதும் என்னோடு வந்திருக்கிறது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, ஏறக்குறைய 90 வயதான, தளர்ந்த பத்துப் பேரைக் காலுக்கான எடைப் பயிற்சி செய்யவைத்தார்கள். எட்டு வாரத்தை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. நடுத்தொடையின் தசைப் பரப்பு 9 சதவீதம் கூடியது. அந்த வயதில் 9 சதவீதம் தொடைத் தசை என்பது நாற்காலியிலிருந்து யாருடைய கையையும் பிடிக்காமல் எழுவது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களோடு வேலை செய்கிறவன் நான். தொடை பருத்துவிட்டதே என்று யாராவது கண்கலங்கும்போது என் மனம் அங்கே போய்விடுகிறது.

டென்மார்க்கில் 1,436 ஆண்களையும் 1,380 பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, தொடைச் சுற்றளவு 60 செ.மீ.க்குக் கீழே போகப் போக இதய நோயும் அகால மரணமும் கூடுவதைக் கண்டது. அவர்கள் அளந்தது பிட்டத்துக்குச் சற்றுக் கீழே, தொடையின் மிகப் பருத்த இடத்தில். அதை உங்கள் நடுத்தொடை அளவோடு ஒப்பிட்டு இன்னொரு கவலையைத் தொடங்கிவிடாதீர்கள். மெல்லிய தொடைதான் நோய்க்குக் காரணம் என்றும் அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் பெண்கள் வெறுத்து ஒதுக்க விரும்பும் அந்தத் தொடைக் கொழுப்பு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைப் போலக் கெடுதல் செய்வதல்ல என்பது வேறு பல வழிகளிலும் உறுதியாகியிருக்கிறது.

தம்பிக்கு. அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, குற்றம் அவருடையதல்ல என்பது. கெண்டைக்கால் தசை எங்கே முடிந்து குதிகால் நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறப்பிலேயே அமைவது. சிலருக்குத் தசை கணுக்கால் நோக்கி நீண்டு இறங்கும். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே உருண்டையாக முடிந்து, மீதி நீளம் முழுவதும் நாணாக இருக்கும். இரண்டாம் வகைக் கால் ஓடுவதற்கும் துள்ளுவதற்கும் நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் நாண் தசையாக மாறாது. பருமன் கூடும், நீளம் கூடாது. இது போக, நாள் முழுவதும் நம்மைச் சுமந்து நடக்கும் தசை அது; சிறு வேலைக்கெல்லாம் அசைந்துகொடுக்காது.

ஆனாலும் செய்ய இடம் இருக்கிறது. கெண்டைக்காலில் மேலே இருப்பது இரு தலைகள் கொண்ட தசை. முழங்காலைத் தாண்டி ஏறுகிறது. அதற்கு அடியில் இன்னொரு தட்டையான தசை. உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, குதிகாலை உயர்த்தினால் மேல்தசை தளர்ந்துவிடும். வேலை அடித்தசைக்குப் போய்விடும். 2023இல் வெளியான ஆய்வில், ஒரு காலை நின்றும் மறுகாலை உட்கார்ந்தும் 12 வாரம் பயிற்சி செய்யவைத்து அளந்தார்கள். நின்று செய்த காலில் மேல்தசையின் வெளிப்பக்கத் தலை 12.4 சதவீதமும் உட்பக்கத் தலை 9.2 சதவீதமும் வளர்ந்திருந்தன. உட்கார்ந்து செய்த காலில் அவை முறையே 1.7, 0.6. அடித்தசையோ எப்படிச் செய்தாலும் இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. உங்கள் தம்பி உட்காரும் கருவியில்தான் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஒரு வருட உழைப்பு எங்கே போனது என்பதற்கு அதுவே பெரும்பகுதி விடை. படி விளிம்பில் முன்பாதம் வைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலை முழுவதும் கீழே இறக்கி, அந்த நீட்சியில் ஒரு நொடி நின்று, பிறகு எழும்பச் சொல்லுங்கள். பாதி தூரம் துள்ளித் துள்ளிச் செய்வதில் பயனில்லை. கையில் டம்பெல் பிடித்து, வாரம் இரண்டு மூன்று நாள், மொத்தம் பத்து செட்டுக்குக் குறையாமல், முடியாத எல்லைக்கு அருகே போக வேண்டும். புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் போவதில் பெரிய லாபமில்லை. மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு சென்டிமீட்டர் வந்தால் அது நல்ல வரவு.

இப்போது, உங்கள் இருவரின் கவலையிலும் தசையைவிட அதிக இடம் பிடித்திருக்கும் விஷயம். 1985இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் மெலிந்ததிலிருந்து பருத்ததுவரை வரிசையாக வரைந்த உருவங்களைக் காட்டிக் கேட்டார்கள். பெண்கள், ஆண்களுக்குப் பிடிக்கும் என்று தேர்ந்தெடுத்த பெண்ணுருவம், ஆண்கள் உண்மையில் தேர்ந்தெடுத்ததைவிட மெலிந்திருந்தது. 2000இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் இளம் ஆண்களிடம் இதே போன்ற கேள்வி கேட்கப்பட்டது. அவர்கள் விரும்பிய ஆணுடல் தங்கள் சொந்த உடலைவிடச் சராசரியாக 13 கிலோ அதிகத் தசை கொண்டது. பெண்களுக்கும் அப்படிப்பட்ட உடல்தான் பிடிக்கும் என்று நம்பினார்கள். பெண்கள் தேர்ந்தெடுத்ததோ சாதாரண ஆணுடலை. உங்கள் வீட்டிலும் இதுவே நடக்கிறது. நீங்கள் மெலிய வேண்டும் என்று ஊரார் நினைப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். தான் பெருக்க வேண்டும் என்று ஊரார் நினைப்பதாகத் தம்பி நினைக்கிறார். ஊராரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அது உங்கள் கால்களைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உட்காரும்போது தொடை இருக்கையில் அழுந்தி விரிகிறது. எல்லோருடைய தொடையும் விரிகிறது. குனிந்து பார்க்கும்போது அந்த விரிந்த தொடைதான் கண்ணில் படுகிறது, மனம் அதை நிற்கும் காலின் அளவாக எழுதிக்கொள்கிறது. அருகிலிருந்து எடுக்கும் செல்பேசிப் படம் லென்சுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும். கண்ணாடியும் நினைப்பதுபோல நண்பனல்ல. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 58 பெண்களை 20 நிமிடம் நிலைச்சைக்கிள் மிதிக்கவைத்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. கண்ணாடி முன் மிதித்தவர்கள், கண்ணாடி இல்லாமல் மிதித்தவர்களைவிடச் சோர்ந்த மனத்தோடு முடித்தார்கள். தங்கள் உடலை விரும்புகிறவர்களுக்கும் இதில் விலக்கு இருக்கவில்லை. நீங்கள் பயிற்சி செய்யும் இடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தால், முறை சரியா என்று முதல் ஒன்றிரண்டு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நின்று செய்யுங்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் முதலில் உதவியது.

பயிற்சி செய்கிறவர்கள் தங்கள் உடலோடு கொஞ்சம் நல்ல உறவுக்கு வருகிறார்கள் என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் தெரிந்தது. உடல் அளவில் பெரிதாக ஒன்றும் மாறாதபோதும் அப்படி நடக்கிறது. முன்பு முடியாத ஒன்று இப்போது முடிகிறது என்ற உணர்வுதான் அங்கே வேலை செய்கிறது என்பது என் நம்பிக்கை. தோற்றத்துக்காக மட்டும் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த நன்மை குறைவு. நெதர்லாந்தில் 2015இல், தங்கள் உடலை வெறுத்த இளம் பெண்களிடம், அந்த உடல் தங்களுக்காக என்னென்ன செய்கிறது என்று மூன்று முறை உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்குத் தோற்றத்தின் மீதும் மனக்குறை தணிந்தது. நீங்களும் டேப் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதத் தொடங்குங்கள்: எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏறினேன், எத்தனை கிலோ வைத்து ஸ்குவாட் செய்தேன். ஆறு வாரத்துக்கு முன் வெறும் உடம்போடு எட்டு ஸ்குவாட் செய்தவர் இப்போது 20 கிலோவோடு பன்னிரண்டு செய்கிறேன் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரியாகப் பட்டது.

சில சமயம் இந்தப் பேச்சு போதாது. நாள் முழுவதும் கால்களைப் பற்றிய நினைப்பே ஓடினால், மறைப்பதற்காக வெளியே போவதையே தவிர்த்தால், உணவைக் குறைத்துக்கொண்டே போய் மாதவிடாய் நின்றால், மருத்துவரிடம் போக வேண்டும். தம்பியையும் கவனியுங்கள். போதிய தசை இருந்தும் இல்லை என்று வதைபடும் நிலை ஒரு மனநலக் கோளாறாக, உடல் உருவக் கோளாற்றின் ஒரு வகையாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இடம்பெற்றிருக்கிறது. அரைக்கால் சட்டையை விட்டது வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். ஆனால் நண்பர்களையும் விட்டுவிட்டாரானால் தாமதிக்க வேண்டாம்.

உடல் சார்ந்த எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது பயிற்சியால் வந்தது என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம். கடுமையான கால் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும் அப்படியே. இரண்டு கால்களும் சமமாகப் பருத்து, தொட்டால் வலித்து, எளிதில் கன்றிப்போய், பாதம் மட்டும் மெலிந்தே இருந்து, உடல் மெலிந்தாலும் கால் மெலியாமல் இருப்பது லிப்பெடிமா என்ற தனி நோய். 1940லேயே விவரிக்கப்பட்டதென்றாலும், 'சாப்பாட்டைக் குறை' என்ற வசையோடு பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகள் எதுவும் அதைக் காட்டவில்லை.

கடைசியாகப் பேன்ட். இடுப்புக்குச் சரியாக இருந்து தொடையில் பிடித்தால், தொடை தளர்வாக வெட்டப்பட்டதை வாங்குங்கள். அல்லது ஓரளவு பெரியதை வாங்கி இடுப்பைத் தைத்துச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சி செய்கிற பெண்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பழைய பேன்ட்டை அலமாரியின் பின்பக்கம் வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் கையில் அகப்படும் இடத்தில் அது இருக்க வேண்டாம். அடுத்த அளவு பன்னிரண்டாவது வாரத்தில், காலையில், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு. அன்றைக்குத் தூக்கும் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.